கைமாறும் படகும் பார்த்துச் சொல்வோர் பொறுப்பும்

கொழும்புத்துறை இறங்குதுறைக்கு அயலிலே, கடனீரேரிக் கரைமணலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு கண்ணாடியிழைப் படகைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடி நின்றதை அண்மையில் ஒரு காலைப்பொழுதிற் கண்டோம். படகின் மேனி அப்போதுதான் நீலவர்ணம் பூசப்பெற்றுப் பளபளத்தது. விற்க வந்தவர் அந்த வர்ணத்தையே சுட்டிச் சுட்டிப் பேசினார். வாங்க வந்த இளைஞரோ, மனைவியின் நகையை அடைவு வைத்து எடுத்த பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு, தாம் அழைத்து வந்திருந்த முதிய ஓடாவியாரின் முகத்தையே பார்த்து நின்றார். "வடிவாய்ப் பார்த்துச் சொல்லுங்கோ ஐயா, இதிலை பிழைச்சால் என்னாலை எழும்ப ஏலாது" என்றார் அவர். ஓடாவியார் மறுமொழி கூறவில்லை. தம் திருப்புளியைத் தலைகீழாய்ப் பிடித்து, அதன் பிடியினால் அணியத்திலிருந்து கடையால் வரை, சாணுக்கு ஒரு தட்டாக மெல்லத் தட்டிக்கொண்டே நடந்தார். கிண், கிண் என்று வந்துகொண்டிருந்த ஓசை, பின்பலகைக்கு ஒரு முழம் முன்னே பொத்தென்று அடங்கிற்று. அவர் நின்றார், மீண்டும் தட்டினார், "தம்பி, காதைக் கிட்ட வைச்சுக் கேளும்" என்றார், பின்பு மடியிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து அவ்விடத்தில் ஒரு வட்டம் வரைந்தார். படகை ஒருமுறை சுற்றி வருவதற்குள் அத்தகைய வட்டங்கள் மூன்று ஆயின. அதன் பின்பு விலைப்பேச்சு அந்த வட்டங்களிலிருந்தே தொடங்கிற்று.

இவ்விதழின் வாசகர்களாகிய படகு கட்டுநரும், திருத்துநரும், எஞ்சின் மெக்கானிக்குகளும் இத்தகைய சந்தர்ப்பங்களில் அந்த ஓடாவியாரின் ஸ்தானத்தில் நிற்பவர்கள். புதிய படகு வாங்கும் சக்தி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பாசையூரிலும் குருநகரிலும் கொழும்புத்துறையிலும் கடலை நம்பி வாழும் இளைஞர் பலர் தொழிலிற் பிரவேசிப்பது பிறர் ஓட்டிக் கழித்த படகொன்றின் வழியாகவே. அந்தக் கொள்வனவிலே ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் நம்முடைய ஒரு வாய்ச்சொல்லின்மேல் வைக்கப்படுகின்றது. ஆகையால், பழம்படகைப் பரீட்சிக்கும் முறை குறித்தும், அதனினும் மேலாகப் பரீட்சித்துச் சொல்பவனுடைய தர்மம் குறித்தும் இம்முறை எழுதத் துணிந்தோம்.

ஓடிய கலத்தைப் பார்த்து வாங்குதல் நம் நாட்டுக்குப் புதிய விஷயமன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்றுச் சரக்கேற்றிய 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பலை, சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவராகிய வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். அது தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அக்காலத்துக் கலம் மரத்தால் ஆனது. மரம் தன் நோயை நெடுநாள் ஒளித்து வைப்பதில்லை. உளுத்த இடத்தில் உளிமுனை தானே இறங்கும். ஆணி துருப்பிடித்தால் பலகையிற் கறை வழியும். பொருத்து விட்ட இடத்தில் நீர் கசியும். கண்ணும் உளியும் கொண்ட ஒருவன் மரக்கலத்தைப் பெரும்பாலும் பிழையின்றி நிதானித்துவிடுவான்.

காரைநகரில் நோர்வே நாட்டாரின் உதவியோடு தோன்றிய சீநோர் படகுத்தொழிலகம் போன்றவற்றின் வழியாகக் கண்ணாடியிழை நம் கரைக்கு வந்தபோது, பாரம் குறைந்ததும் உளுத்துப் போகாததுமான அப்பொருளை நாம் மகிழ்ந்தே வரவேற்றோம், அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயின் நம்முடைய பரீட்சை முறை அதற்கேற்ப மாறிற்றா என்பது கேள்வி. மட் என்னும் இழைப்பாயை அச்சின்மேல் விரித்து, றெசினில் நனைத்து, உருளையால் உருட்டி, படைமேற் படையாக ஏற்றும் இவ்வேலையில், ஒரு படைக்கும் மற்றொன்றுக்கும் இடையே அகப்பட்ட காற்று ஒரு வர்ணப்பூச்சின் கீழ் வருஷக்கணக்கில் மறைந்திருக்கக்கூடியது. சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு என்னும் அளவிற் சேர்க்க வேண்டிய இறுக்குதிராவகத்தை வேலை விரைவில் முடிவதற்காக மிகுதியாய் ஊற்றினால், நம் நாட்டு வெப்பத்தில் றெசின் வேகமாய் இறுகி, வெடிப்புக்கு இடங்கொடுக்கும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், கலத்தை இழந்தோர்க்கு விரைந்து படகு கொடுக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு பல இடங்களில் அவசரமாய்க் கட்டப்பட்ட படகுகளிலே, இழையும் றெசினும் சரியான பிரமாணத்தில் அமையாத குறைகளை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனத்தின் நிபுணர்கள் சுட்டிக் காட்ட நேர்ந்தது. அக்காலத்துப் படகுகளும் கைமாறிக் கைமாறி ஓடியவையே.

ஆகவே கண்ணினும் காதையும் கையையும் மிகுதியாய் நம்ப வேண்டிய காலம் இது. முதலாவது, தட்டிப் பார்த்தல். படைகள் ஒன்றோடொன்று பற்றி நிற்கும் இடம் தெளிந்த ஓசை தரும். படை பிரிந்த இடமும் உள்ளே நீர் ஊறிய இடமும் மந்தமாய் ஒலிக்கும். உள்ளே கட்டையோ தட்டோ பொருந்திய இடத்தில் ஓசை இயல்பாகவே மாறுமாதலின், உட்புறம் நோக்கி, அம்மாற்றத்துக்குக் காரணம் உண்டா என்று தெளிந்த பின்னரே வட்டம் வரைதல் வேண்டும். இரண்டாவது, வெடிப்பை வாசித்தல். ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை போலக் கிளைக்கும் மயிர்வெடிப்பு, கல்லிலோ இறங்குதுறைக் கட்டிலோ மோதியதன் சாட்சி. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் வெடிப்புக்கள், அவ்விடம் ஓட்டந்தோறும் வளைந்து நிமிர்கின்றது என்பதன் சாட்சி. முன்னையது பெரும்பாலும் ஒரு நாளின் விபத்து, பின்னையதோ முடிவின்றித் தொடரும் பலவீனம். மூன்றாவது, கொப்புளம். ஜெல்கோட்டின் ஊடே மெல்ல ஊறிய நீர், உள்ளே கரையத்தக்கதைக் கரைத்துக்கொண்டு, மேலும் நீரை இழுத்து, அழுத்தங்கொண்டு கொப்புளமாய் எழுகின்றது; அதைக் குத்தினால் வரும் திரவத்தில் வினாகிரி போன்ற புளிப்பு வாசனை உண்டு. அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவன், கொப்புளத்தின்மேல் புட்டி அப்பி வர்ணம் பூசிவிட்டால் நோய் தீரும் என்று ஒருபோதும் சொல்லமாட்டான். நமது கடனீரேரி ஆழங்குறைந்ததாகையால், மணலிலும் கல்லிலும் இழுபடும் ஏராவின் அடிப்புறத்தை, படகைக் கவிழ்த்தே பார்த்தல் அவசியம். கவிழ்க்க இணங்காத விற்பனையாளரின் படகை அன்றைக்கு விட்டுவிடுவதே நலம்.

நான்காவது பரீட்சைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. மிதப்புக்காகத் தட்டின்கீழ் நிரப்பப்பட்ட நுரை, ஒரு சிறு துளையின் வழியாய் வருஷக்கணக்கில் நீரைக் குடித்திருக்குமானால், வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் அந்நீர் முற்றாய் வெளியேறாது. கட்டிய நாளில் ஆறுபேர் தூக்கி மணலேற்றிய படகுக்கு இன்று எட்டுப்பேரின் தோள் வேண்டுமாயின், மிகுந்த இருவரும் சுமப்பது உள்ளே அடைபட்ட நீரையே. விற்பவரின் அயலவரைக் கேட்டால் இவ்விஷயம் எளிதில் வெளியாகும்.

ஐந்தாவதாக, எஞ்சினைப் பூட்டும் பின்பலகையைப் பற்றிச் சொல்லுமிடத்து, எம் சொந்த அநுபவம் ஒன்றைக் கூறாதிருத்தல் முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன்னே, நண்பரொருவருக்காக ஒரு படகைப் பார்க்கச் சென்று, அடிப்புறம் முழுவதையும் சிரத்தையோடு தட்டிப் பார்த்தோம். பின்பலகையை மாத்திரம் வெளியழகு கண்டு விட்டுவிட்டோம். இரு கண்ணாடியிழைப் படைகளின் நடுவே பிளைவுட் வைத்து ஆக்கப்படுவது அது. அதன் ஊடே செல்லும் எஞ்சின் மரையாணித் துளைகள் சரியாய் அடைக்கப்படாமையால் நீர் இறங்கி, நடுப்பலகை நனைந்த பிட்டுப் போலாகியிருந்தது எமக்குத் தெரியவில்லை. சோழகம் பலமாய் வீசிய ஒரு மாலையில், எஞ்சின் பின்பலகையைப் பிய்த்துக்கொண்டு நீரில் விழ, படகு நிரம்பிற்று. ஆழங்குறைந்த கடனீரேரியாதலால் நண்பர் நெஞ்சளவு நீரில் நடந்து கரை சேர்ந்தார். பெருங்கடலாயின் இக்கட்டுரை எழுதும் மனநிலை எமக்கு இருந்திராது. எஞ்சினின் கீழ்க்காலைக் கையாற் பிடித்து மேலும் கீழும் பலமாய் அசைத்து, பின்பலகை உடன் அசைகின்றதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை அன்று நாம் செலவிடவில்லை.

எஞ்சின் விஷயத்தில், பார்க்கப் போகும் நாளில் விற்பவர் அதனை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காதிருக்கும்படி கேட்டுக்கொள்ளுதல் முதற்காரியம். சூடேறிய எஞ்சின் எதுவும் இலகுவிற் பற்றிக்கொள்ளும், குளிர்ந்திருப்பதை இழுத்துப் பார்க்கையிலேதான் அதன் உண்மை நிலை தெரியும். அடுத்து, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியால் அளந்து எழுதுக. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேற்றுமை காணின் உட்காயம் உண்டென்று சந்தேகிக்கலாம். கீழ்ப்பெட்டியின் கியர் ஒயிலைச் சிறிது வடித்துப் பார்த்தால், அது பால்போல வெளுத்திருப்பது ஸீல் தேய்ந்து நீர் புகுந்ததையும், அதில் உலோகத்துகள் மினுங்குவது பற்சக்கரம் அழிவதையும் காட்டும். ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து பாயும் குளிர்நீர்த்தாரை மெலிந்திருந்தால், நீர்ப்பம்பியின் றப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது உப்பு இறுகி வழி அடைபட்டிருக்கலாம். தான் கரைந்து எஞ்சினைக் காக்க வேண்டிய துத்தநாகக் கட்டியின்மேல் வர்ணம் பூசப்பட்டிருக்குமானால், அது தன் தொழிலைச் செய்யவில்லை, அரிப்பு வேறெங்கோ நடந்திருக்கின்றது என்று கொள்க.

நம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் மிகுதி. பெற்றோலிற் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றும் வழக்கத்தை முன்னைய உரித்தாளர் கைக்கொண்டவரா என்று விசாரித்தல் நன்று. அதனை அலட்சியம் செய்தவரின் எஞ்சினிற் கரி படிந்திருக்கும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்ததும், அதற்கு முன்பே எரிபொருள் கிடையாது தொழிலாளர் பலர் கரையிலிருந்ததும் நம் நினைவில் உள்ளன. அக்காலத்திற் கிடையாய்க் கிடந்த எஞ்சினைக் குறித்து 'அதிகம் ஓடாதது' என்று விற்பவர் பெருமையாய்க் கூறக்கூடும். நன்னீரால் அலசப்படாது உப்போடு கிடந்த எஞ்சின், நாள்தோறும் ஓடி நாள்தோறும் அலசப்பட்ட எஞ்சினிலும் கேடுற்றதாதல் கூடும் என்பதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடன்.

பத்திர விஷயம் சுருக்கமானது. அணியத்திலுள்ள பதிவிலக்கமும் எஞ்சினின் இலக்கமும் பத்திரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். இலக்கத்தகடு சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துக. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு கட்டாயம். கடற்றொழிற் பரிசோதகரிடம் சென்று உரித்து மாற்றத்தை முறையாய்ச் செய்து, கடன் நிலுவை உண்டா என்றும் கேட்டறிந்த பின்னரே முழுப்பணம் கைமாறுதல் தகும்.

இனி, நாம் முக்கியமாய்க் கருதும், பார்த்துச் சொல்பவனுடைய தர்மம் என்னும் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கா முதலிய நாடுகளில் வேக்போர்ட் என்னும் நீர்விளையாட்டுக்கென்றே கட்டப்படும் படகுகள் உண்டு. பின்னெழும் அலை பெரிதாக வேண்டும் என்பதற்காக நீர்த்தொட்டிகளை நிரப்பிப் பாரமேற்றி ஓட்டப்படுவதால், அவற்றின் அடித்தளக் கட்டைகள் தாங்கும் சிரமம் அதிகம். கயிறு கட்டும் வளைவுத்தூண் பொருந்திய இடங்கள் வெடிப்புக்கு உரியவை. அத்தகைய படகைப் பழையதாய் வாங்குபவர், எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மானி இருந்தும் அதனை மாத்திரம் நம்பாமல், தம் செலவில் ஒரு பரிசோதகரை அமர்த்தி, அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையைக் கண்ட பின்னரே முடிவு செய்யும் சம்பிரதாயம் அங்கே உண்டு. பரிசோதகருக்குக் கூலி கொடுப்பவர் வாங்குபவர். விற்பனை நடந்தாலும் நடவாவிட்டாலும் கூலி ஒன்றே.

நம்மிடத்தில் நடப்பதென்ன? படகைப் பார்த்துச் சொல்பவரே பல சமயங்களில் விற்பனைக்குத் தரகராகவும் இருக்கின்றார். வியாபாரம் முடிந்தால் இருபுறமும் தரகு உண்டு, முடியாவிட்டால் வெறுங்கை. இந்த ஏற்பாட்டிலே யோக்கியமான மனிதனுடைய காதும் கொஞ்சம் கொஞ்சமாய் மந்தமாகிவிடும். பொத்தென்னும் ஓசையைக் கிண்ணென்று கேட்கத் தொடங்குவான். பார்த்துச் சொல்லும் படகில் எவரும் தரகு பெறலாகாது என்பதை நம் தொழிலின் முதல் விதியாக ஏற்போம். சொன்னதை எழுதிக் கொடுப்பதை இரண்டாம் விதியாகக் கொள்வோம். ஒரு தாள் போதும்: படகின் உருவத்தைக் கோடாக வரைந்து, சுண்ணவட்டம் இட்ட இடங்களை அதிற் குறித்து, பின்பலகையின் நிலை, சிலிண்டர்களின் அழுத்தம், கியர் ஒயிலின் நிறம், எஞ்சின் இலக்கம், தேதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வாங்குபவருக்கும் ஒரு பிரதியைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கொடுத்தால், அதே படகு மறுபடி கைமாறும் நாளில் அதன் சரித்திரம் சங்கத்தின் அலுமாரியிலேயே இருக்கும்.

அன்று காலை அந்த இளைஞர் படகை வாங்கினார். வட்டமிட்ட மூன்று இடங்களையும் வெட்டித் திறந்து, காயவிட்டு, புதிதாய்ப் படை ஏற்றும் செலவு முழுவதும் விலையிற் கழிக்கப்பட்டது. எல்லாம் முடிந்ததும் விற்றவர் ஓடாவியாரிடம் வந்து, "வெத்திலைக்கு வைச்சிருங்கோ ஐயா" என்று ஒரு தாளை நீட்டினார். ஓடாவியார் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, இளைஞரிடம் தம் அரைநாட் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, சுண்ணக்கட்டியை மடியிற் செருகி நடந்தார்.