கிளினிக் போகும் நாளுக்கும் பேர் போட வேண்டும்



என் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா சுருண்டு கிடந்தார். கண் மஞ்சள். தலைமாட்டில் கீழாநெல்லி அரைத்த கிண்ணம்.

சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய் அவருக்கு. சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகு, மாத்திரை குடித்துக்கொண்டே மலைக்குப் போனவர். "கிளினிக் போனா அன்னைக்குப் பேர் இல்ல டீச்சர். ரெண்டு மாசமா ரத்தம் குடுக்கப் போகல" என்றார். வாந்தி தாங்காமல் நான்கு நாளாக மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் இது. இதற்குக் கொடுக்கும் பைரசினமைட், எத்தியோனமைட், பெடாகுயிலின் போன்றவை ஈரலைத் தாக்கக்கூடியவை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பலருக்கு 6 மாதச் சிகிச்சையே போதும் என்று பரிந்துரைத்தது. முன்பு ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுத்தது. ஆனால் 6 மாதமானாலும் ஈரலைக் கவனிக்காமல் முடியாது.

ஈரல் கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. சோர்வு, பசியின்மை, குமட்டல் எல்லாவற்றையும் நாம் மலைக் களைப்பு என்றே நினைப்போம். முதலில் இரத்தத்தில்தான் தெரியும். ஈரல் நொதி வழக்கமான உச்ச அளவைவிட 5 மடங்கு கூடினால், அல்லது வாந்தி, மஞ்சளோடு 3 மடங்கு கூடினால், ஈரலைத் தாக்கும் மருந்துகளை வைத்தியர் நிறுத்திவைப்பார். தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார். நாமாகவே நிறுத்தினால் கிருமி இன்னும் முரடாகும். சொல்லாமல் குடித்துக்கொண்டே போனால் ஈரல் போய்விடும்.

இன்னொன்று. சாதாரண காசநோய்க்கு மருந்து குடித்தவர்கள், சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயமில்லை என்று பக்கத்து லயத்துக்காரருக்குச் சொல்வார்கள். அது ரிஃபாம்பிசின் சாயம். இந்த நோய்க்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், அன்றைக்கே மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்கள். கீழாநெல்லியை நம்பி நாள் கடத்த வேண்டாம். கசிப்பு கூடவே கூடாது. கேட்காமல் பெனடோலும் வேண்டாம்.

"நோயாளி மருந்தை விட்டுவிட்டார்" என்று கார்டில் எழுதுவது லேசு. ஏன் விட்டார் என்பதற்குச் செக்ரோலையும் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் இரத்தம் கொடுக்கப் போகிறவருக்குப் பேர் போட்டால் எந்தத் தோட்டமும் நட்டத்தில் விழாது. கிளினிக் கார்டைக் காட்டினால் அன்றைய பேர் கிடைக்க வேண்டும், கூடப் போகும் மனைவிக்கும் சேர்த்து. தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவிகள் இதைப் பெரட்டுக்களத்திலேயே கேளுங்கள்.

அந்த அப்பா இப்போது வைத்தியசாலையில் இருக்கிறார். ஒரு மருந்தை மாற்றியிருக்கிறார்கள், மஞ்சள் இறங்கிவருகிறது. வெட்டிய பேர்களைக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் அடுத்த இதழில் போடுகிறோம்.