கம்பியின் நீளமும் கடைக்காரர் பேச்சும்

வீட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வந்ததும் குடும்பத்தில் எழும் முதல் விவாதம் சங்கீதத்தைப் பற்றியதன்று. ஆம்பிளிபயரை எங்கே வைப்பது என்பதே. பார்வைக்கு நன்றாயில்லையென்று அதைக் கூடத்தின் கோடியில் ஒளித்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் பத்து மீட்டர் கம்பி இழுப்பார்கள். அப்பொழுது கடைக்காரர் பாடு கொண்டாட்டந்தான். பாம்பு போல் பருத்த ஒரு பளபளப்பான கம்பியை, ஸ்பீக்கர் விலைக்கே தலையில் கட்டிவிடுகிறார்.

நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: கம்பியின் மின்தடை எவ்வளவு? ஜெர்மானியரான ஓம் 1827-ல் தமது விதியை வெளியிட்டார். அவ்விதிக்குக் கட்டுப்படாத செப்புக் கம்பி இன்னும் எந்தக் கடைக்கும் வந்து சேரவில்லை. நீண்டால் தடை கூடும், பருத்தால் குறையும். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், கம்பியின் தடை அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 0.4 ஓமைத் தாண்டலாகாது என்பது பொதுக் கணக்கு. 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பத்து மீட்டர் இழுத்தால், போக வர 20 மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 ஓம். அது ஆகாது. 1.5 சதுர மில்லிமீட்டரில் சுமார் 0.23 ஓம்தான், தாராளமாகப் போதும். 4 ஓம் ஸ்பீக்கராயின் 2.5 சதுர மில்லிமீட்டர் வாங்குக. அதற்குமேல் கொடுப்பது வீண் செலவென்பது நமது அபிப்பிராயம்.

வலது, இடது கம்பிகள் சம நீளமாயிருக்க வேண்டுமென்று சாதிப்போரும் உண்டு. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. கம்பியில் மின்னலையோ லட்சக்கணக்கான கிலோமீட்டர். ஓரிரு மீட்டர் வித்தியாசத்தை எந்தக் காதும் அறியாது.

ஆம்பிளிபயரை ஸ்பீக்கர்களுக்கு அருகே, காற்றோட்டமாக வைப்பதே உத்தமம். நம் இல்லங்களில் அதன்மேல் பூவேலைத் துணி போர்த்தி, படமும் வைப்பது வழக்கம். பாவம், உள்ளே சூடு வெளியேற வழியில்லை! இசைத்தட்டுப் பெட்டியை அதனருகே ஒட்டி வைத்தால் 'ம்ம்' என்ற உறுமல் கலந்து வரக்கூடும். கம்பியை நடைவழியில் குறுக்கே விடவேண்டாம். குழந்தைகளும் பாட்டிமாரும் நடமாடுமிடம் அது. சுவரோரமாகச் சுற்றி வர இன்னும் மூன்று மீட்டர் ஆனாலும் ஆகட்டும்.

முறுக்கிய இழைகளில் ஒன்றேனும் பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்பிளிபயருக்கே ஆபத்து. சிவப்பு முனை சிவப்புக்கே செல்லவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிப் பொருத்திவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்துபோகும். பாடகர் எந்த மூலையில் அமர்ந்து பாடுகிறார் என்பதும் விளங்காது.