பத்தாண்டுக்கு ஒரு பட்டியல்

இங்கிலாந்திலிருந்து வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் திரைப்படப் பத்திரிகை, 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்டு விமரிசகர்களின் வாக்குகளைத் திரட்டி, தலைசிறந்த படங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டு வருகிறது. 2022இல் வந்த பட்டியலின் நூறு படங்களில் இந்தியப் படம் ஒன்றே ஒன்றுதான். அது சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, 35ஆம் இடம். தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. வானவடியில் நம்மவர் கூடுமிடத்தில் இப்பேச்சு எழுந்தால் பெரியவர்கள் சினங்கொள்கின்றனர். பிள்ளைகளோ, “நம்மிடம் அப்படி எதுவும் இல்லை போலும்” என்று அமைதியாக முடிவு கட்டிவிடுகின்றனர். பெரியவர்களின் சினத்தைவிடப் பிள்ளைகளின் அந்த அமைதியே நமக்குக் கவலை தருகிறது.

இப்பட்டியல் கல்வெட்டன்று என்பதை முதலில் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். 1952இல் முதலிடம் பெற்றது இத்தாலியப் படமான ‘சைக்கிள் திருடர்கள்’. அடுத்து வந்த ஐந்து பட்டியல்களிலும் ‘சிட்டிசன் கேன்’ அசையாது வீற்றிருந்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதனை இறக்கியது. 2022இலோ, ஒரு பெல்ஜிய இல்லத்தரசியின் மூன்று நாள் வாழ்வை மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும் ‘ழான் தீல்மன்’ முதலிடத்துக்கு வந்துவிட்டது! 1975இல் சாந்தல் அக்கர்மான் என்ற அம்மையார் எடுத்த படம் அது. இடையில் அப்படத்தில் ஒரு காட்சியும் கூடவில்லை, குறையவில்லை. 2012இல் வாக்களித்தோர் 846 பேர். 2022இல் 1,639 பேர். மாறியது படமன்று, பார்த்தவர் கூட்டம்.

இன்னொன்றும் சொல்வோம். 2005இல் அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகைக்காக இரண்டே விமரிசகர்கள் நூறு படங்களைத் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) இடம் பெற்றது. ஆயிரத்து அறுநூற்றுவர் கூடியும் கிட்டாத இடம், இருவர் கையால் கிட்டியது. ஒரு படம் எவர் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்ததே இந்த வரிசையெல்லாம்.

அப்படியானால் கண்ணில் படுவது எவ்வாறு? ‘பதேர் பாஞ்சாலி’யின் வரலாறே இதற்கு விடை கூறும். 1955இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் அது திரையிடப்பட்டது; மறு ஆண்டு கான் விழாவில் பரிசு பெற்றது. 1993இல் லண்டனில் ஒரு திரைப்படக் கூடத்தில் மூண்ட தீயில் ராயின் படங்களின் மூலச்சுருள்கள் கருகின. கருகியவற்றையும் எவரும் குப்பையில் எறியவில்லை. அமெரிக்காவில் பத்திரப்படுத்தி, இத்தாலியின் பொலோன்யா நகரக் கூடத்தில் அங்குலம் அங்குலமாகச் செப்பனிட்டு, சிதைந்த பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து ஈடு செய்து, 2015இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தனர். படத்தின் பெருமை ராயினுடையது. அது இன்றும் வாக்குப் பெறுவதில் அந்தக் கூடத்தாருக்கும் பங்குண்டு.

நம் நிலை என்ன? நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’, அதுவும் இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தவை பாதி. அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. இவை பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தை நினைவு கூருங்கள். சொந்தமாக ஒரு வீடு கட்ட முனையும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் பாடு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த படம். ஊரை விட்டு வந்து இங்கே கடனில் வீடு வாங்கிய நம்மில் எவருக்கும் அதனை விளக்க வேண்டியதில்லை. தம் படங்கள் சிலவற்றின் மூலச்சுருள்கள் இன்று இல்லையென்று, 2014இல் காலமான அக்கலைஞர் தம் இறுதிக் காலத்தில் மனம் நொந்து கூறினார்.

அவர் ஒளிப்பதிவு பயின்றது நம் புணேயில்தான். பழைய பிரபாத் ஸ்டுடியோ மனையில் 1960இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரி அது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்த ஜான் ஆபிரகாமும் அங்குப் பயின்றவரே. அருகில், லா காலேஜ் சாலையில், 1964இல் தோன்றிய தேசியத் திரைப்படக் காப்பகம் உள்ளது. பி. கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராய் அலைந்து, கொட்டகைகளிலும் கிடங்குகளிலும் கிடந்த பெட்டிகளைத் திரட்டி அதனை வளர்த்தார். அங்கும் 2003 ஜனவரியில் தீ மூண்டு, நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன. கல்கியின் கதையை கே. சுப்ரமண்யம் 1939இல் படமாக்கிய ‘தியாக பூமி’யின் பிரதி இக்காப்பகத்தில் எஞ்சியதால்தான் இன்று அதனைப் பற்றிப் பேசவாவது முடிகிறது. ஷிந்தே சத்திரிக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும் நம்மவர், ஊரின் மறுகோடியில் இப்படியொரு இடம் உண்டென்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

ஆகவே அயலார் பட்டியலுக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதை விடுத்து, நாமே ஒரு பட்டியல் செய்வோம். 1951 முதல் 1960 வரையிலான பத்தாண்டை எடுத்துக்கொள்ளலாம். ‘பராசக்தி’யும் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னும் சொல்லாமலே வந்துவிடும். எங்கள் வாக்கு 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நா’ளுக்கு. பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம், அதுவும் அந்நாளில்! ஒரே கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறக் கேட்டு உண்மையைத் தேடும் கதை. சிவாஜி கணேசனைக் கதாநாயகனாக்கி, அவரையே தேசத் துரோகியாகவும் காட்டத் துணிந்த படம். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகளும் இதனைப் பார்த்து வாதாடுவர். அருகமர்ந்து நடுநடுவே பொருள் சொல்ல ஒரு பாட்டனாரோ அத்தையோ இருந்தால் போதும்.

அன்பர்கள் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் பத்துப் படங்களின் பெயர்களை எழுதியனுப்ப வேண்டுகிறோம். பிள்ளைகளின் வாக்கைத் தனியே குறிக்கவும். நிபந்தனை ஒன்றே: குடும்பமாக அமர்ந்து முதலிலிருந்து முடிவு வரை பார்த்த படமாக இருக்க வேண்டும். பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, வசனத்தை மட்டும் ஒப்பித்துவிட்டு, பார்த்த கணக்கில் சேர்க்க வேண்டாம்.