சத்தம் வேற, சக்தி வேற

டர்போ கார் ஒன்று கைக்கு வந்தால் எங்கட பெடியள் முதலில் கழட்டுறது எயார் பில்டர் பெட்டியைத்தான். அந்த இடத்தில் கூம்பு பில்டர் ஏறும். மிதிச்சால் நல்ல சத்தம். ஆனால் காசு குடுத்து வாங்கினது குளிர்ந்த காற்றா, சூடான காற்றா என்று கேட்கிறம்.

மூடியில்லாத கூம்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தால் அது உறிஞ்சுறது எஞ்சின்ர சூட்டைத்தான். 30 பாகையில் இருக்கும் காற்று 60 பாகையானால், அதே அழுத்தத்தில் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கும்போது சூடு 100 பாகையையும் தாண்டும். அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். அதுவும் தோற்றால் எஞ்சின் நொக் பண்ணும். கொம்பியூட்டர் தீப்பொறியைப் பிந்தவைத்துச் சக்தியைக் குறைக்கும்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸைப் பாருங்கோ. இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கு. பொனட்டில் திறந்திருக்கிற வாயால் வரும் காற்றுத்தான் அதைக் குளிராக்கும். வாய்க்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர் கிழிஞ்சிருந்தால் காற்று பக்கத்தால் போயிடும். முதலில் அதை மாத்துங்கோ. கம்பனிப் பெட்டிக்குள்ளேயே புது பில்டர் போடுங்கோ. முன் கிரில் பக்கமிருந்து வாற குழாயைக் கழட்டாதேங்கோ. மிச்சக் காசுக்கு நல்ல இன்டர்கூலர் பாருங்கோ.

கூம்புதான் வேணுமெண்டால் சூடு படாத பெட்டிக்குள் வையுங்கோ. காற்றளக்கும் சென்சருக்கு ஏற்ற மாதிரி ட்யூனும் செய்யுங்கோ.

சத்தம் பிடிச்சு மாத்துறதில் பிழையில்லை. அதைச் சக்தி எண்டு விக்கிறதுதான் பிழை.