உடம்பின் மேல் போட்ட பழி

ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை கெட்டியாக ஊறிக் கிடக்கிறது. பெண்களுக்கு அதில் உச்ச வயது பதினைந்து; பதினேழில் இறங்குமுகம்; இருபதில் கண்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் போய்விட வேண்டியதுதான். பூப்பெய்தியதும் இடுப்பு அகலும், எடை கூடும், தாவல் போய்விடும். இயற்கை அப்படி, யார் என்ன செய்ய முடியும்? வர்ணனையாளர் சொல்கிறார், பயிற்சியாளர் தலையாட்டுகிறார், பெற்றோர் அவசரப்படுகிறார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுப் பழகிய நமக்கும் இது சட்டென்று பிடித்துப்போகிறது.

சான்றுக்குப் பெயர்கள் தயாராக இருக்கின்றன. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் தாரா லிபின்ஸ்கி, 2014 சோச்சியில் அணிப் பிரிவில் யூலியா லிப்னிட்ஸ்காயா, 2018 பியோங்சாங்கில் அலினா ஸாகிட்டோவா. மூவரும் தங்கம் வாங்கியபோது வயது 15.

இந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. லிபின்ஸ்கி தங்கம் வென்ற சில வாரங்களிலேயே போட்டிகளிலிருந்து விலகினார். 18 வயதில் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. லிப்னிட்ஸ்காயா, சாப்பாட்டையே எதிரியாக்கும் அனோரெக்சியா நோய்க்குச் சிகிச்சை பெற்று, 19 வயதில் ஓய்வை அறிவித்தார். ஸாகிட்டோவா 2019 உலகப் பட்டத்தையும் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில், 17 வயதில், போட்டிகளை நிறுத்திவைத்தார். முதல் பாதியைத் திறமை என்றும், மறுபாதியை இயற்கை என்றும் எழுதிக்கொள்வது வசதியான கணக்கு.

இதில் இயற்பியல் கொஞ்சம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. குவாட் எனப்படும் நான்கு சுற்றுத் தாவலில் காற்றில் கிடைக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் நான்கு முறை சுழல வேண்டும். குறுகிய தோளும் ஒடுங்கிய இடுப்பும் உள்ள உடம்பு எளிதில் வேகமாகச் சுழலும். 2018-இல் சோஃபியாவில் நடந்த உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் ரஷ்யாவின் அலெக்சாண்ட்ரா த்ருசோவா ஒரே ஆட்டத்தில் இரண்டு குவாட் தாவி உலகத்தை வாய்பிளக்க வைத்தபோது அவருக்கு வயது 13. அதற்கும் முன்பே, 2002-இல், ஜப்பானின் மிகி ஆண்டோ ஜூனியர் கிராண்ட் பிரி இறுதிப் போட்டியில் குவாட் சால்காவைத் தாவிய முதல் பெண்ணானார். அவருக்கு அப்போது 14.

ஆனால் இதே இயற்பியல் பையன்களிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது? அவர்களும் உயர்கிறார்கள், தோள் அகல்கிறது, எடை ஏறுகிறது. யுசுரு ஹன்யூ 2010-இல் 15 வயதில் உலக ஜூனியர் சாம்பியன். ஒலிம்பிக் தங்கம் வென்றது 19 வயதிலும் 23 வயதிலும். நேதன் சென் 2022-இல் தங்கம் வென்றபோது வயது 22. பதினைந்து வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து 'இதுதான் உன் உச்சம்' என்று எவரும் சொன்னதில்லை. இன்னும் வளர வேண்டியவன் என்றுதான் சொல்வார்கள். ஆணுக்குத் தசை வலு கூடுகிறதே என்பது வழக்கமான பதில். பெண்ணுக்கும் கூடும், வயிற்றுக்குச் சோறு போட்டால். சுழல்வதற்காக உடம்பை ஒடுக்கியே வைத்திருக்கும் பயிற்சியில் அந்த வலு வர வழியில்லை. வராததைக் காட்டி இயற்கை மேல் பழி போடுகிறார்கள்.

மதிப்பெண் அட்டவணையையும் இயற்கை எழுதவில்லை. மூன்று சுற்று லுட்ஸ் தாவலுக்கு அடிப்படை மதிப்பு 5.9, நான்கு சுற்று லுட்ஸுக்கு 11.5. ஒரு சுற்றுக்கு இவ்வளவு விலை வைத்துவிட்டால், உடம்பு சிறிதாக இருக்கும் சில ஆண்டுகளைக் கறந்துவிடத் தோன்றாதா? தோன்றியது. மாஸ்கோவில் எதெரி துத்பெரீட்ஸேயின் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒலிம்பிக்குக்கு ஒரு புது அணி வந்தது. முந்தைய சாம்பியன் அடுத்த சிறுமியிடம் தோற்றார், அடுத்தவரும் அடுத்தவரிடம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைத்தான் இயற்கை விதி என்று நம்பிவிட்டார்கள். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியமோ 2020-இல் துத்பெரீட்ஸேவுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுத்தது.

இந்த விதி உண்மையானால் கவோரி சகாமோட்டோ என்ற வீராங்கனை இருந்திருக்கவே கூடாது. குவாட் இல்லை, ட்ரிபிள் ஆக்சலும் இல்லை. வேகமும், பனியை ஆழமாகக் கடிக்கும் ஓட்டமும், மிதந்து இறங்கும் இரட்டை ஆக்சலும் அவர் கைமுதல். 2022, 2023, 2024 என்று மூன்று உலகப் பட்டங்கள், 21 வயதிலிருந்து 23 வரை. முன்னே சொன்ன ஆண்டோவும் 2007, 2011 உலகப் பட்டங்களைக் குவாட் இல்லாமலேதான் வென்றார். இரண்டாவதின்போது வயது 23. 2006 டூரின் ஒலிம்பிக் தங்கம் 24 வயது ஷிசுகா அரகாவாவுக்குப் போனது.

அமெரிக்காவின் அலிசா லியூ கதை இன்னும் சுவையானது. 13 வயதில் தேசிய சாம்பியன். 2019 ஜூனியர் கிராண்ட் பிரியில் குவாட் லுட்ஸ். 16 வயதில் சலித்துப்போய் ஓய்வு. நம்பிக்கையாளர்களின் கணக்குப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு பனித்தளப் போட்டிகளைத் திரும்பிப் பாராமல் இருந்துவிட்டு, தன் விருப்பத்தில் திரும்பி வந்து, 2025-இல் பாஸ்டனில் 19 வயதில் உலக சாம்பியனானார். இம்முறை குவாட் எதையும் கொண்டுவரவில்லை.

டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் 2000-இல் உலக ஜூனியர் வெள்ளி வென்றவர். இடுப்புக் காயங்களால் 17 வயதில் ஒதுங்கியவர். பதினாறு ஆண்டு கழித்து இணைப் பிரிவில் மறுபடி பனியில் இறங்கினார். 2024-இல் கனடாவுக்காக மாக்ஸிம் டெஷாமுடன் உலகப் பட்டம் வென்றபோது அவர் வயது 40.

2022 ஜூனில் ஸ்கேட்டிங் ஒன்றியம் சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த, 100-க்கு 16 என்ற வாக்கில் முடிவு செய்தது. உடனே ஒரு ஓலம்: திறமையைப் பறிக்கிறார்களே! 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் உலக ஜூனியர் பட்டம் வென்ற ஜப்பானின் மாவோ ஷிமாடாவுக்கு, நான்கு மாத வித்தியாசத்தில், 2026 ஒலிம்பிக் வாய்ப்பு இல்லாமல் போனதை எடுத்துக்காட்டுகிறார்கள். யார் நினைவாக அவருக்குப் பெயர் வைத்தார்களோ, அந்த மாவோ அசாடாவுக்கும் இதுதான் நடந்தது. 87 நாள் வயது குறைவு என்று 2006 ஒலிம்பிக்கில் இடமில்லை. அதன் பிறகு அவர் மூன்று உலகப் பட்டங்கள் வென்றார், கடைசியாக 23 வயதில். காத்திருந்ததில் திறமை கரைந்துவிடவில்லை.

வயது வரம்பு போதும் என்று நினைப்பவர்களோடும் உடன்பட முடியாது. ஜூனியர் போட்டிகளின் வாசல் 13 வயதில் திறந்தே இருக்கிறது. மதிப்பெண் ஆசையும் அங்கே அப்படியே இருக்கிறது. ஒரு சிறுமியை அவசரப்படுத்துகிறவருக்கு இனி மேடை மட்டும்தான் மாறும். ஜூனியர் அட்டவணையில் குவாட்டின் விலையைக் குறைத்து, சறுக்கும் திறனுக்கு எடையைக் கூட்டினால்தான் பயிற்சிக் கூடங்களின் கணக்கு மாறும்.

2022 பெய்ஜிங்கில் 15 வயது கமிலா வாலியேவா, இதயநோய் மருந்தான ட்ரைமெட்டாசிடின் பரிசோதனையில் சிக்கிய செய்தியைச் சுமந்தபடி, உலகமே பார்க்க விழுந்து விழுந்து எழுந்து, நான்காவதாக முடித்தார். 2024 ஜனவரியில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டு தடை விதித்தது. அந்த வழக்கில் அவரைச் சுற்றியிருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.