வேடிக்கையும் ஏமாளியும்

ஒருவனைப் பொய் சொல்லி அலையவிட்டு, அவன் திகைத்து நிற்பதைக் கண்டு நாலு பேர் சிரிப்பதற்கு வேடிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏமாற்றினவன் கெட்டிக்காரன் என்றும், ஏமாந்தவன் மடையன் என்றும் அந்த இடத்திலேயே தீர்ப்பும் ஆகிவிடுகிறது. இத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பொய் சொன்னவனை விட்டுவிட்டு நம்பினவனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. ஆனால் ஏமாந்தவர் பக்கத்திலும் சரிப்படுத்திக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுத நினைக்கிறோம்.

கரிக்கலாம்பாக்கத்திலோ, வில்லியனூரிலோ, பாகூரிலோ டீக்கடைப் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வேடிக்கையின் யோக்கியதை விளங்கிவிடும். பட்டறைக்குப் புதிதாய் வேலைக்கு வந்த பையனிடம், உலகத்திலேயே இல்லாத ஒரு கருவியின் பெயரைச் சொல்லி அடுத்த பட்டறையில் வாங்கி வரும்படி அனுப்புவார்கள். அங்கிருப்பவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதற்கடுத்த கடையைக் காட்டுவான். வெயிலில் நாலு இடம் அலைந்து பையன் வெறுங்கையோடு திரும்பினதும் பட்டறையே சிரிக்கும். கண் மங்கின கிழவியிடம், "ஆயா, உன் பென்ஷனை நிறுத்திவிட்டார்களாம்" என்பார்கள். அவள் அன்று சோறு தின்னாமல் கொம்யூன் ஆபீசுக்கு நடப்பாள். இதே வேடிக்கையைப் பட்டறை முதலாளியிடமோ, போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடமோ செய்து பார்த்த சூரர் யாராவது உண்டா? நாம் அறிந்தவரை இல்லை. அங்கே மட்டும் வேடிக்கை உணர்ச்சி எங்கே போய்விடுகிறதென்று இந்த வேடிக்கைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். திருப்பிக் கேட்க மாட்டாத ஆளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தே இது செய்யப்படுகிறது என்பதற்கு வேறு ருஜு வேண்டியதில்லை.

சரி, பையன் ஏன் போனான்? அவனுக்கு மூளை இல்லாததாலா? அப்படி ஒரு கருவி உண்டா, அது எந்த வேலைக்கு, எப்படியிருக்கும் என்று அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேடிக்கை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லையென்றால், வீட்டில் அப்பனைக் கேள்வி கேட்டபோது அறை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கேட்டபோது பெஞ்சின் மேல் நிற்க வேண்டியதாயிற்று. பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள் என்று பதினைந்து வருஷம் பழக்கிவிட்டு, பதினாறாம் வருஷம் அவன் கேட்டுக்கொண்டதற்காகச் சிரித்தால் அது யாருடைய முட்டாள்தனம் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க, ஏமாற்றுவதற்கென்றே ஏப்ரல் முதல் தேதியை ஒதுக்கி வைத்திருப்பதும் நாம் அறிந்ததே. 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நமது பகுதிக்கு இது இன்னும் கொஞ்சம் நெருங்கின சங்கதி. பிரான்சில் அன்றைய ஏமாற்றுக்கு "ஏப்ரல் மீன்" என்று பெயர். பிள்ளைகள் காகிதத்தில் மீன் வெட்டி, பிறர் முதுகில் தெரியாமல் ஒட்டிவிட்டுச் சிரிப்பார்கள். இது எப்படி வந்ததென்று கேட்டால் ஒரு கதை தயாராயிருக்கிறது. 1564ல் ஒன்பதாம் சார்லஸ் என்ற பிரெஞ்சு அரசன் வருஷப் பிறப்பை ஜனவரி 1ந் தேதி என்று ஆக்கினானாம். அது தெரியாமல் பழைய வழக்கப்படி கொண்டாடினவர்களைப் பரிகசித்ததில் பிறந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1508லேயே ஒரு பிரெஞ்சுக் கவிஞர் எழுத்தில் "ஏப்ரல் மீன்" என்ற சொல் காணப்படுகிறது. அரசன் உத்தரவு போடுவதற்கு 56 வருஷம் முந்தியே சொல் பிறந்துவிட்டதென்றால் இந்தக் கதையின் கதி என்ன? முட்டாள் தினத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதையையே படித்தவர்களும் விசாரியாமல் வருஷந்தோறும் ஒப்பிக்கிறார்கள். பட்டறைப் பையன் மேல் மட்டும் ஏன் பாய வேண்டும்?

காகித மீனை உரித்துப் போட்டுவிடலாம். இன்றைய வேடிக்கை அப்படி உரிந்து போவதாயில்லை. "பிராங்க்" என்ற பெயரால், தெருவில் போகும் பெண்ணை வழிமறித்துப் பயமுறுத்துவதும், பூங்காவில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைச் சீண்டுவதும், அதை மறைவிலிருந்து படம் பிடித்து ஊர் முழுவதும் பார்க்கவிட்டுக் காசு சம்பாதிப்பதும் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டன. 2019 ஏப்ரல் 3ந் தேதி, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் வழக்கில் உத்தரவிட்டபோது இந்தக் காட்சிகளையும் கண்டித்து, ஒருவரைத் திடுக்கிடச் செய்து பரிகாசப் பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்ற கருத்தைச் சொல்லிற்று. 2022ல் கோவை மாநகரப் போலீசாரும் இப்படிப்பட்டவர்களை எச்சரித்தார்கள். எச்சரித்தும் கடை மூடப்படவில்லை. வாங்குகிறவர்கள் இருக்கும்வரை கடைக்கு என்ன குறைவு?

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டனில் நடந்ததைச் சொல்லலாம். 2012 டிசம்பர் 4ந் தேதி, சிட்னி நகரத்து ரேடியோக்காரர் இருவர், இங்கிலாந்து ராணியைப் போலவும் இளவரசரைப் போலவும் குரலை மாற்றிக்கொண்டு, இளவரசரின் மருமகள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தார்கள். விடியாத நேரம். டெலிபோனை எடுத்தவர் கர்நாடகக் கடற்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்கப்போன ஒரு நர்சு. அவர் உண்மையென்று நம்பி வார்டுக்கு இணைத்துக் கொடுத்தார். அது ரேடியோவில் ஒலிபரப்பாகி உலகமே சிரித்தது. டிசம்பர் 7ந் தேதி அந்த அம்மாள் இறந்து கிடந்தார். அது தற்கொலையென்று 2014ல் விசாரணையில் முடிவாயிற்று. ஓர் உயிர் போவதற்குக் காரணம் இது ஒன்றுதான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சிரித்த கூட்டத்தில் ஒருவராவது, ராணி என்று ஒருத்தி அதிகாரக் குரலில் பேசினால் கூலி வேலைக்கு வந்தவள் எப்படி "நீ யார்?" என்று கேட்பாள் என்று நினைத்துப் பார்த்தார்களா?

லண்டன் தூரம் என்றால், விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் தாண்டினால் போளூர். 2018ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் பல படங்களைப் பரப்பினார்கள். அந்நாளில் இந்தியா முழுதும் சுற்றின படங்களில் ஒன்று, பாகிஸ்தானத்துக் கராச்சியில் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எடுத்த விளம்பரப் படம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பிள்ளையைத் தூக்குவார்கள், கடைசியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எந்தப் புண்ணியவானோ அந்தக் கடைசிப் பாகத்தை வெட்டிவிட்டான். அவனுக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும். அந்தப் பீதி பரவியிருந்த மே மாதம் 9ந் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார் போளூரையடுத்த அத்திமூர்ப் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் செத்துப்போனார். கூட வந்தவர்கள் படுகாயப்பட்டார்கள். அடித்தவர்களில் ஒருவனாவது "எந்த ஊரில், யார் பிள்ளை காணாமல் போயிற்று?" என்று கேட்டிருந்தால் போதும். இங்கே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டதோடு விடவில்லை, கொலைகாரர்களாகவும் ஆனார்கள்.

ஆகையால் நாம் சொல்வதெல்லாம் சாதாரணக் காரியங்களே. ஒருவன் உங்களை அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். ஓடு, அனுப்பு, உடனே பணம் கட்டு என்கிறவனிடம் "கொஞ்சம் இரு" என்று சொல்லுங்கள். பேங்கிலிருந்து, போலீசிலிருந்து என்று டெலிபோனில் குரல் கேட்டால் வைத்துவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பரில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற நம்பருக்கு உடனே சொல்லுங்கள். மானம் போகுமென்று ஒளித்து வைத்தால் பணமும் போய், அடுத்த வீட்டுக்காரனும் அதே குழியில் விழுவான். தெருவில் கேமராவோடு வருகிறவனிடம் "என் படத்தை அழி" என்று சொல்லப் பெண்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மறுத்தால் போலீசுக்கு எழுதிக் கொடுங்கள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்காமல் அந்தப் பெண் பக்கத்தில் போய் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பட்டறைக்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இனி அப்படி ஒரு பையன் இல்லாத கருவியைக் கேட்டுக்கொண்டு வெயிலில் உங்கள் வாசலுக்கு வந்தால், அடுத்த கடையைக் காட்டாதீர்கள். உட்காரவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, "அப்படி ஒன்று கிடையாது தம்பி, உன்னை அனுப்பினவரிடம் போய் அதை வரைந்து காட்டச் சொல்" என்று சொல்லி அனுப்புங்கள்.