சாரல் காலத்தில் ஓர் அறை

குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில்தான் கல்லூரிகளும் திறக்கின்றன. ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியை நாடிவரும் வெளியூர்ப் பிள்ளைகள் அறை தேடுவதும், அருவிக்கு வருவோர் நாள் வாடகைக்கு அறை கேட்பதும் ஒரே வேளையில். நாள் வாடகையோடு மாத வாடகை போட்டி போட முடியாது. ஆகவே மாணவருக்குக் காப்பு எழுத்து ஒப்பந்தம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது. ஒப்பந்தக் காலத்தின் நடுவே, அதில் சொல்லப்படாத உயர்வைத் தடுக்கிறது. அட்வான்ஸுக்கும் மூன்று மாத வாடகை என்று வரம்பு உண்டு. 'வேறு உடன்பாடு இல்லையெனில்' என்ற விதிவிலக்கு அந்த வரம்பை ஓட்டையாக்கிவிட்டது என்பது வேறு கதை.

சீசன் வருமானத்தை விட்டால் ஆண்டு முழுக்க எப்படிச் சமாளிப்பது என்று வீட்டுக்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால், அருவி வற்றிய மாதங்களில் அறை பூட்டிக் கிடக்காமல் காப்பது மாணவர் வாடகைதானே! காலி செய்ய மறுப்பவர் மீது வாடகை நீதிமன்றம் போகவும் பதிவு பெற்ற ஒப்பந்தமே கைகொடுக்கும். தென்காசி மாவட்ட நிர்வாகம் மாணவர் சேர்க்கை நாள்களிலேயே கல்லூரி வளாகங்களில் பதிவு முகாம் நடத்த வேண்டும். மகளிர் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலையும் அங்கேயே ஒட்ட வேண்டும்.